மூன்று வோல்டேஜ் பெட்டி

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த காலை, பதினொன்றேகால் மணிக்கு சகாயமேரி சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தன் பட்டறையில் பாரதி அப்போது ஒயர்களுக்கு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் வேலையில் இருந்தாள்.

"பாரதி, பம்ப்பு நின்னு நின்னு போவுது. நீ செஞ்ச பொட்டிதான் என்னமோ பண்ணுது."

பின்னால் ஜீப் இரண்டாம் கியரில் முனகும் சத்தம் கேட்டது. சிஸ்டரின் குரல் ஒரு வார்த்தை வந்தால் ஒரு வார்த்தை விழுங்கிப்போனது.

"எங்க இருக்கீங்க சிஸ்டர்? வண்டியில யாரு?"

"மேல் வளைவுல. இங்க மட்டுந்தான் டவர் கெடைக்கும். புள்ள பொறந்து ரெண்டு நாளு, ஒன்னே முக்கா மாசம் முன்னாடியே பொறந்துடுச்சி. ஒன்னு நானூறு எடை. சுகர் நிக்க மாட்டேங்குது. குளுக்கோஸ் பம்ப்புல போயிட்டே இருக்கணும். அஞ்சு நிமிசம் ஓடுது, அப்புறம் செத்துப்போவுது, மறுபடி உசுரு வந்து அளவு போடச் சொல்லுது."

சித்தேரி மலையில் டாக்டர் ஆரோக்கியராஜ் நடத்தும் சிறிய மருத்துவமனைக்குச் சொந்தமான ஜீப் அது. மலையில் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளைக் கீழே கொண்டுவர டாக்டர் அதை ஆம்புலன்சாக மாற்றியிருந்தார். அதில் வைக்க ஒரு பவர் சப்ளை பெட்டி வேண்டும் என்று பாரதியிடம் கேட்டது போன கார்த்திகையில். ஜீப் பேட்டரி தருவது பன்னிரண்டு வோல்ட். அந்த ஒன்றிலிருந்து மூன்று வெவ்வேறு வோல்டேஜ் வேண்டும்: குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மெத்தைக்கு இருபத்துநான்கு, குளுக்கோஸ் ஏற்றும் சிரிஞ்ச் பம்புக்குப் பன்னிரண்டு, நாடித்துடிப்பு காட்டும் மானிட்டருக்கு ஐந்து. பம்புக்கு வேண்டியதும் பன்னிரண்டுதானே என்று முன்பு நேரடியாகவே பேட்டரியில் மாட்டிப் பார்த்திருந்தார்கள். வண்டி ஓடும்போது பேட்டரி பதினான்கரைக்கு ஏறும், ஸ்டார்ட் செய்யும்போது ஒன்பதுக்கு இறங்கும். பழைய பம்ப் இரண்டே வாரத்தில் புகைந்துபோனது. இப்போது இருப்பது யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. அதன் உள்ளே இருந்த சொந்த பேட்டரி வரும்போதே செத்திருந்தது. பாரதியின் பெட்டியை நம்பித்தான் அது ஓடியது.

பாரதி ஒரு நொடிதான் யோசித்தாள். பம்ப் விட்டு விட்டு நிற்கிறது என்றால் வோல்டேஜ் இறங்குகிறது. வோல்டேஜ் இறங்குகிறது என்றால் இழுக்கிற லோடு அதிகம். மூன்றிலும் பெரிய லோடு மெத்தை.

"சிஸ்டர், மெத்தைய ஆஃப் பண்ணிடுங்க. இந்த வெயில்ல அது வேண்டியதில்ல. குழந்தைய அம்மா நெஞ்சோட ஒட்டிப் போட்டு மேல துணி சுத்திக்குங்க. லோடு குறைஞ்சா பம்ப் நிக்காம ஓடும்."

"சரிம்மா, ஆஃப் பண்ற..."

போன் அறுந்தது. ஜீப் வளைவைத் தாண்டியிருக்கும்.

பாரதி சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஐந்து நிமிடம் ஓடி நிற்கிறது என்று சிஸ்டர் சொன்னது அவளை உறுத்தியது. லோடு அதிகமென்றால் மாட்டிய உடனே இறங்கியிருக்க வேண்டும். ஐந்து நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது?

மேசையில் அதே மாதிரி இரண்டாவது பெட்டி கிடந்தது. இன்னொரு மலை மருத்துவமனைக்காகச் செய்துகொண்டிருந்தாள், மூடி போடுவதுதான் பாக்கி. பேட்டரியை மாட்டி, மின்சாரம் வெளியே வரும் மூன்று வெளிகளிலும், மெத்தைக்கும் பம்புக்கும் மானிட்டருக்கும் பதிலாக அதே அளவு மின்சாரம் இழுக்கும் பெரிய ரெசிஸ்டர்களை இணைத்தாள். மீட்டரின் ஊசி முனைகளை பம்ப் போகும் பன்னிரண்டில் வைத்தாள். 11.9. சரியாக இருந்தது. டெலிவரிக்கு முன்னால் பார்த்ததும் இதே எண்தான்.

பிறகு இருபத்துநான்கில் இருந்த ரெசிஸ்டரைக் கழற்றினாள். மெத்தையை அணைத்தது போல.

8.3.

மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வோல்ட்டுக்குக் கீழே போனால் பம்ப் தானாக நின்றுவிடும்.

அவளுக்கு எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. பெட்டிக்குள் இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அதில் மூன்று தனித்தனிக் கம்பிச் சுருள்கள். எவ்வளவு மின்சாரம் உள்ளே தள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் சிப் மூன்றையும் பார்ப்பதில்லை, இருபத்துநான்கை மட்டும்தான் பார்க்கும். பெரிய லோடு அதுதானே என்று பாரதியே அப்படி அமைத்திருந்தாள். மெத்தை இழுக்கும்வரை சிப் சுறுசுறுப்பாகத் தள்ளும், மற்ற இரண்டுக்கும் தாராளமாகக் கிடைக்கும். மெத்தை நின்றுவிட்டால் இருபத்துநான்கு குறையாமல் இருக்கிறதே என்று சிப் தூங்கிவிடும். பம்பும் மானிட்டரும் பட்டினி கிடக்கும்.

தை மாதக் குளிரில் சித்தேரிக்கே போய் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாளே. அன்று அவ்வளவு குளிரில் மெத்தை ஒரு தடவைகூடத் தானாக அணையவில்லை. இன்று சித்திரை வெயில். மெத்தை சீக்கிரம் சூடாகி, அதன் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் அதை அணைத்துவிடுகிறது. ஆறியதும் திரும்பப் போடுகிறது. அதுதான் ஐந்து நிமிடக் கணக்கு.

அந்த மெத்தையை முழுசாக அணைத்துவிடச் சொல்லியிருந்தாள்.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. டிரைவர் சின்னராஜுக்குப் போட்டாள். அதே பதில். அந்த மலைப்பாதையில் மேல் வளைவை விட்டால் அடிவாரச் செக்போஸ்ட் வரைக்கும் டவர் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அடிவாரத்துக்கு வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

மெத்தையைத் திரும்பப் போடச் சொன்னாலும் போதாது. சூடேறியதும் அணைந்துவிடும். அணையாத ஒரு லோடு இருபத்துநான்கில் உட்கார வேண்டும். மேசை இழுப்பறையைக் கவிழ்த்து, ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்புகள் இரண்டை எடுத்தாள். பன்னிரண்டு வோல்ட் பல்புகள். ஒன்றின் வாலில் ஒன்றை ஒயரால் சால்டர் செய்து இருபத்துநான்கில் மாட்டினாள். இரண்டும் மஞ்சளாக எரிந்தன. மீட்டர் 8.3-லிருந்து 11.6-க்கு ஏறி நின்றது.

பல்புகளைத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, கட்டிங் பிளேயரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பட்டறைக் கதவைப் பூட்டவில்லை.

சாலை நேராக இருந்த இடங்களில் அறுபதைத் தாண்டினாள். எதிர்க்காற்று சுட்டது. வழி முழுக்க ஒரே கணக்கு ஓடியது. பதினொன்றேகாலுக்கு அணைக்கச் சொன்னேன். இப்போது பதினொன்றே முக்கால். அரை மணி. ஒன்றரைக் கிலோகூட இல்லாத குழந்தை குளுக்கோஸ் இல்லாமல் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியாது. டாக்டரிடம் வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதியவள், நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு வரி கேட்டிருக்கவில்லை.

செக்போஸ்ட்டில் வனக்காவலர் கம்பைத் தூக்கிவிட்டபடி, "ஆஸ்பத்திரி ஜீப்பா? இன்னும் எறங்கலியேம்மா. இந்நேரம் வந்திருக்கணுமே" என்றார்.

பாரதி ஆக்சிலரேட்டரை முறுக்கினாள்.

மலையேறி நாலாவது வளைவில் ஜீப் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. என்ஜின் ஓடியது. பின்கதவு திறந்திருந்தது. கதவருகே முப்பது வயதுக்காரன் ஒருவன் தலைத்துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றான். குழந்தையின் அப்பா ஜெயபால். உள்ளே நீட்டுச் சீட்டில் அவன் மனைவி அம்பிகா சாய்ந்திருந்தாள். அவள் நெஞ்சில், துணிக்குள், உள்ளங்கை அளவு தலை ஒன்று தெரிந்தது. சகாயமேரி மண்டியிட்டு, குழந்தையின் கையில் ஏறியிருந்த குழாயில் சிரிஞ்சை வைத்து மிக மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பாரதி! நீ எப்படி..."

"சிஸ்டர், நான் சொன்னது தப்பு. மெத்தைய அணைக்கச் சொன்னது தப்பு."

சகாயமேரி நிமிரவில்லை. "நீ சொன்ன மாதிரி அணைச்சேன். பம்ப்பு அதோட எழுந்திரிக்கவே இல்ல. மறுபடி போடலாமான்னு நெனச்சேன். லோடு ஏறிப் பொட்டி எரிஞ்சிட்டா அப்புறம் ஒன்னுமே இல்லாம போயிடுமேன்னு பயந்துட்டேன். இப்பப் புள்ளைக்குக் கை காலெல்லாம் உதற ஆரம்பிச்சிடுச்சி. சுகர் இருபத்தெட்டு. அதான் வண்டிய நிறுத்திக் கையால மூணு மில்லி ஏத்துறேன். இது அரை மணிகூடத் தாங்காது. பம்ப்பு ஓடணும்."

துணிக்குள் குழந்தையின் கை ஒரு தடவை வெட்டி இழுத்து, தளர்ந்தது. அம்பிகா பாரதியைப் பார்த்தாள். அவள் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

பாரதி சீட்டுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். மெத்தைக்குப் போகும் ஒயரைப் பாதியில் வெட்டினாள். முனைகளைச் சீவினாள். பையிலிருந்த பல்புகளை எடுத்து முறுக்கிச் சேர்த்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

பல்புகள் எரியவில்லை.

மறுபடி தட்டினாள். ஒரு பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கம்பி அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் குலுங்கியதில் போயிருக்க வேண்டும். இரண்டும் வரிசையாக இருப்பதால் ஒன்று போனால் மற்றதும் எரியாது. ஒன்றை மட்டும் மாட்டினால் இருபத்துநான்கில் அதுவும் பொசுங்கும்.

"சின்னராஜண்ணா, ஜீப் பின் இண்டிகேட்டர் பல்பு ரெண்டும் வேணும். ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கணும். ஹோல்டரோட வெட்டி எடுங்க."

ஐம்பது வயது சின்னராஜ் டிரைவர் சீட்டிலிருந்து குதித்தார். ஸ்குரூடிரைவரோடு பின்னால் ஓடினார். ஒரு பக்க விளக்குக் கண்ணாடி கழன்றது. இன்னொரு பக்கம் துருவேறி அசையவில்லை. ஜெயபால் கீழே கிடந்த கல்லை எடுத்து ஒரே போடாகப் போட்டு மூடியை உடைத்தான். சின்னராஜ் ஒயரோடு ஹோல்டர்களைப் பிடுங்கிக் கொடுத்தார்.

பாரதியின் விரல்கள் வியர்த்திருந்தன. ஒயரை முறுக்கினால் வழுக்கியது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறுக்கினாள். ஒன்றோடு ஒன்று, அதன் முனை பெட்டிக்கு. சுவிட்ச்.

இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. பம்ப் ஒரு நீளச் சத்தம் போட்டு, திரையில் எண் கேட்டது. சகாயமேரி விரலால் தட்டித் தட்டி அளவைப் போட்டாள். பம்பின் சின்ன பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"போவுது," என்றாள் சிஸ்டர். "போவுது. வண்டிய எடு சின்னராஜு."

டேப் போதவில்லை. சிஸ்டரின் பிளாஸ்டர் டேப்பைச் சுற்றினாள், பல்பின் சூட்டில் அது இளகி நாறியது. கடைசியில் பல்புகளை ஊசி வைக்கும் எவர்சில்வர் தட்டில் போட்டு, அதைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, இரண்டு ஒயர் முறுக்குகளையும் கைகளால் அழுத்திப் பிடித்தபடி ஜீப்பின் தரையில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் வளைவிலேயே நின்றது.

இறக்கம் முழுக்க அவள் பச்சை விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவில் ஜீப் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது முறுக்கு நழுவியது. பம்ப் கத்தியது. ஒயரைத் தேடிப் பிடித்ததில் சுட்டுவிரல் பல்பில் பட்டது, எடுக்கவில்லை. பம்ப் திரும்ப ஓடியது. சிஸ்டர் மறுபடி அளவு போட்டாள்.

எதிரே சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜெயபால் வெகு நேரம் அந்தப் பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பொட்டிய நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமாங்க."

"பல்பு எரிஞ்சாத்தான் அது ஓடுமா?"

"இப்போதைக்கு அப்படித்தாங்க."

அவன் குழந்தையின் காலைத் துணிக்குள் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டான். முன்னால் சின்னராஜ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டி ஓட்டினார்.

அரூர் ஆஸ்பத்திரியில் சுகர் நாற்பத்தொன்று. டாக்டர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து எல்லா வசதியும் உள்ள ஆம்புலன்சில் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். சிஸ்டரும் பெற்றவர்களும் அதில் ஏறிப் போனார்கள். பாரதி ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். விரல் கொப்பளித்திருந்தது. ஜீப்புக்குள் தட்டில் இன்னும் பல்பு எரிந்துகொண்டிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, அணைத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிஸ்டருக்கு ஆறு ஏழு தடவை போன் போட்டாள். "கண்ணாடிப் பொட்டியில இருக்குது. இன்னும் ஒன்னும் சொல்ல முடியாதுங்கறாங்க" என்பதுதான் பதில். மூன்றாம் நாள் காலை, "வலிப்பு திரும்ப வரல. பால் ரெண்டு மில்லி குடிச்சிருக்கான்" என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் பாரதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

அன்றே டாக்டர் ஆரோக்கியராஜ் கீழே வந்தார். தர்மபுரி ஆஸ்பத்திரி வராண்டாவில் அவரும் சின்னராஜும் ஜெயபாலும் இருந்தார்கள்.

"பேட்டரி பழசும்மா," என்றார் சின்னராஜ். "ரெண்டு வருசமாச்சி. நான் அப்பவே டாக்டர்கிட்டச் சொன்னேன், மாத்தணும்னு."

டாக்டரும் தலையாட்டினார். "புது பேட்டரி போட்டுடலாம் பாரதி. நீ பதறிப் போயிருக்க. நீ வரலேன்னா என்ன ஆயிருக்கும்?"

ஒரு கணம் அந்த வார்த்தையில் ஒதுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமாம் என்றால் போதும். யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

"பேட்டரி இல்லீங்க டாக்டர்," என்றாள். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. தப்பு என் டிசைன்ல. மூணு வெளியில ஒன்ன மட்டும் கவனிக்கிற மாதிரி செஞ்சேன். நான் ஓசூர்ல கம்பெனியில வேலை செஞ்சப்ப இப்படித்தான் செய்வோம், அங்க எந்த லோடும் நடுவுல நிக்காது. பெட்டி சின்னதா இருக்கட்டும்னு அதையே இங்கயும் வெச்சுட்டேன். மூணும் ஒன்னா ஓடறப்ப மட்டும் பாத்தேன். ஒன்னு நின்னா மத்தது என்ன ஆவும்னு பாக்கல. அதுக்கு மேல போன்ல தப்பாவும் சொல்லிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு பெட்டி போயிருக்கா எங்கியாவது?"

"இல்லீங்க. மேசையிலதான் இருக்கு. பிரிச்சுப் போட்டுட்டேன்."

ஜெயபால் எழுந்தான். பாரதி அவன் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் போய் வார்டு கண்ணாடி வழியே உள்ளே பார்த்துவிட்டு, திரும்பாமலேயே சொன்னான்.

"எங்கூட்ல ரெண்டு புள்ள போயிடுச்சுங்க இதுக்கு முன்னாடி. வழியிலயேதான். அப்ப பொட்டியும் இல்ல, ஒன்னும் இல்ல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "அது ஒழுங்கா இருக்கணும். அவ்ளதான்."

பாரதி புதிதாகத் தொடங்கினாள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரைக் கைவிட்டாள். மூன்று வெளிகளுக்கும் மூன்று தனிச் சுற்று, ஒவ்வொன்றும் தன் வோல்டேஜைத் தானே கவனித்துக்கொள்ளும். பெட்டி ஒன்றரை மடங்கு பெரிதானது. சூட்டுக்காக அலுமினியத் தகடு ஒன்றும் சேர்ந்தது. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, மூன்றும் ஓடும்போது, ஒன்று மட்டும் ஓடும்போது, இரண்டு ஓடும்போது, எதுவுமே ஓடாதபோது என்று எட்டு வகைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் குளிர்ந்த பேட்டரி, சூடான பேட்டரி, வண்டி ஸ்டார்ட் ஆகும் நொடி என்று பார்த்தாள். இப்படிப் புதிதாகச் செய்த முதல் பெட்டி, மெத்தையும் மானிட்டரும் நின்று பம்ப் மட்டும் ஓடிய கட்டத்தில், வண்டி ஸ்டார்ட் செய்த நொடியில் தடுமாறியது. அதையும் பிரித்தாள். அடுத்தது எல்லாக் கட்டத்திலும் நின்றது. அப்படியும் டாக்டரை வரச்சொல்லி அவர் கண் முன்னால் ஒரு தடவை முழுக்க ஓட்டிக் காட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை ஒன்று எண்ணூறு. மலைக்குக் கூட்டிப்போக அதே ஜீப் தர்மபுரிக்கு வந்தது. புதுப் பெட்டி சீட்டுக்கடியில் திருகி மாட்டப்பட்டிருந்தது. பாரதியும் வந்திருந்தாள்.

அம்பிகா குழந்தையோடு ஏறப்போனபோது ஜெயபால் கையை நீட்டித் தடுத்தான்.

"இரு. அத ஓட்டிக் காட்டச் சொல்லு."

"நம்ம புள்ளைக்குத்தான் இனி அது வேண்டாமே," என்றாள் அம்பிகா.

"நம்ம புள்ளைக்கு வேணாம். ஊர்ல இன்னும் மூணு பேரு மாசமா இருக்காங்க."

பாரதி பம்பில் தண்ணீர் சிரிஞ்சை மாட்டினாள். மெத்தையைப் போட்டாள். மானிட்டரைப் போட்டாள். பச்சை விளக்கு சிமிட்டியது.

"சுவிட்ச் அதாங்க. நீங்களே அணைங்க."

ஜெயபால் குனிந்து மெத்தையின் சுவிட்சை அணைத்தான். பம்பைப் பார்த்தான். ஓடியது. மானிட்டரை அணைத்தான். ஓடியது. மெத்தையைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, சின்னராஜை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மறுபடி நிறுத்தச் சொல்லி, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பாரதி தன் காகிதத்தில் எழுதாத ஏதேதோ வகையிலெல்லாம் பார்த்தான். சோதித்துச் சோதித்துப் பார்த்த பெட்டிதான். அப்படியும் அவன் விரல் சுவிட்சுக்குப் போகும்போதெல்லாம் பாரதியின் கண் பச்சை விளக்குக்கே போனது.

பத்து நிமிடம் கழித்து அவன் நிமிர்ந்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏறு," என்றான் அம்பிகாவிடம். பிறகு பாரதியிடம், "நீங்களும் வர்றீங்களா மேல?"

"வர்றேனுங்க. மொதல் மூணு கேசுக்கு நான் கூடவே வர்றதா டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் மேலயே தங்கறேன்."

அவன் சீட்டில் நகர்ந்து இடம் விட்டான். ஜீப் அரூர் சாலையில் திரும்பியது.